சக்கரம் கூப்பிட்டால்தான் பேச வேண்டும்

குலுக்கலார் என்றோர் இனம் பெருகிக்கொண்டு வருகிறது, கவனித்தீர்களா? அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் வந்து நின்றால், ஒருவரைப் பார்த்து "நீங்க உக்காருங்க" என்று சொல்ல இவருக்கு நா எழாது. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுப்பார், இரண்டு பெயரையும் பொறுமையாகத் தட்டுவார், திரையில் வண்ணச் சக்கரம் ஒன்று சுழலத் தொடங்கும், அது மெல்ல மெல்ல நிற்பதற்குள் எங்கிருந்தோ மூன்றாவது ஆள் ஒருவர் வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாளையும் விரித்துவிடுவார். குலுக்கலாருக்கு அதில் வருத்தம் கிடையாது. நாற்காலி யாருக்குக் கிடைத்தது என்பதா முக்கியம்? தான் யாரையும் கைகாட்டவில்லை என்பதல்லவா முக்கியம்!

இந்த இனத்தார் அலுவலகங்களில் இருக்கிறார்கள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் இருக்கிறார்கள், குடும்பத்துக்குப் பெரிய மாமா என்ற பதவியிலும் இருக்கிறார்கள். ஆனால் தின்று கொழுத்து வளர்வது வகுப்பறையில்தான். ஏன் என்று கேட்கிறீர்களா? மற்ற இடங்களில், "யாரைக் கேட்டு இப்படிச் செஞ்சீங்க?" என்று சட்டையைப் பிடிக்க ஆள் உண்டு. வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வயது பன்னிரண்டு.

ஆகவே ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குள் எட்டிப் பார்ப்போம். அதோ, மேசைக்குப் பின்னால் நிற்கிறாரே, அறிவியல் ஆசிரியர், அந்தப் பிரிவுக்கு வகுப்பாசிரியரும் அவரே. நாற்பத்தாறு வயது. சட்டைக் கைகளை இரண்டு பக்கமும் மூன்று மடிப்பு, அங்குலம் பிசகாமல் மடித்திருக்கிறார். தலையில் நடு வகிடு. இடதா வலதா என்ற தொல்லையே வேண்டாம் என்று எடுத்தது. கெட்டவர் இல்லை. பிள்ளைகளை அடித்ததில்லை, திட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர்தான் குலுக்கல் சார். அது அவர் காதுக்கும் எட்டியது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பாடம் எப்படி நடக்கும் தெரியுமா? மணி அடித்ததும் வருகைப் பதிவு. பிறகு மடிக்கணினி திறக்கப்படும். சுவரில் படம் காட்டும் கருவியின் கம்பி தேடப்படும், கிடைக்கும், பொருந்தாது, ஊதப்படும், பொருந்தும். "பொறுங்க பொறுங்க, லோட் ஆகுது." சுவர் முழுக்க ஒரு சக்கரம் விரியும். கண்ணைப் பறிக்கும் நிறங்களில் மெல்லிய மெல்லிய துண்டுகள், துண்டுக்கு ஒரு பெயர், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. "தாவரம் சுவாசிக்குமா?" என்று கேட்டுவிட்டு, சார் பொத்தானைத் தொடுவார். டிக் டிக் டிக் என்று சுற்றும். நாற்பது நெஞ்சும் கூடவே அடிக்கும். சக்கரம் நின்றதும் உள்ளிருந்து ஒரு ஊதல் சத்தம் வரும், திரை முழுக்கக் காகிதப் பூ கொட்டும், பெயர் வந்த பையன் எழுந்து நின்று, "தெரியாது சார்" என்பான். "அருமை. உக்காரு." மறுபடி டிக் டிக் டிக். தாவரம் சுவாசிக்கிறதா இல்லையா என்பது தெரியாமலேயே அந்த வகுப்பு வியாழக்கிழமை வரை காத்திருந்தது.

பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் ஒருநாள் கேட்டே விட்டார். "ஏன் சார், பதில் தெரிஞ்ச புள்ளைங்க கை தூக்கறாங்களே, ஒரு தடவ கேட்டாத்தான் என்ன?"

"அங்கதான் டீச்சர் பாரபட்சம் உள்ள நுழையுது" என்றார் குலுக்கலார், குழந்தைக்கு நெருப்பைப் பற்றிச் சொல்லும் குரலில். "நான் ஒருத்தனப் பாத்துக் கேட்டேன்னா, என் கண்ணு அவன் மேல விழுதுன்னு அர்த்தம். சக்கரத்துக்குக் கண்ணே கிடையாது. அதுக்குச் சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. யார் வீட்டுப் புள்ளன்னு அதுக்குத் தெரியாது."

"புள்ளைக்குப் பதில் தெரியுமான்னும் அதுக்குத் தெரியாதே சார்."

"அதான் டீச்சர் நியாயம்!" என்றார் சார். டீச்சர் தன் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நியாயத்தோடு யார் மல்லுக்கு நிற்பது?

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒரு சுற்றில் பெயர் வந்தவர்களைச் சக்கரமே நீக்கிவிடும். எல்லாருக்கும் ஒரு முறை வந்த பிறகுதான் மறுபடி அவர்கள் பெயர் ஏறும். இதைப் பெரியவர்களுக்கு விளக்கப் பயிற்சி முகாம் வேண்டியிருந்தது. ஏழாம் வகுப்புக்கு அரை மணி நேரம் போதுமாயிருந்தது. திங்கட்கிழமை பெயர் வந்துவிட்டதா, அடுத்த பத்து நாளைக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டிய அவசியமில்லை. பணி ஓய்வு பெற்றவர் மாதிரி காலை நீட்டிக்கொள்ளலாம். மூன்றாம் பெஞ்சில் ஒருவன் இந்த வசதியை முழுமையாக அனுபவித்து, பெயர் வந்த நாளிலிருந்து அது மறுபடி ஏறும் நாள் வரை ஒரு கண்ணைத் திறந்து ஒரு கண்ணை மூடி வைத்திருந்ததால் அரைத்தூக்கம் என்று பட்டம் வாங்கினான்.

சக்கரத்தின் ஆட்சி பாடத்தோடு நிற்கவில்லை. வராத பையனின் பெயர் வந்த அன்று, "அவன் இன்னைக்கு லீவு சார்" என்று வகுப்பே கத்தியது. சார் கையை உயர்த்தினார். "சக்கரம் கூப்பிட்டுருக்கு. ஒரு நிமிஷம் நேரம் குடுப்போம்." ஒரு நிமிஷம் வகுப்பு காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தது. இன்னொரு நாள் இரண்டு பையன்கள் ஒரே சமயத்தில் கழிவறைக்குப் போக விரலை நீட்டினார்கள். யாரை முதலில் விடுவது? சக்கரம் சுற்றியது. ஒருவன் போனான். மற்றவனுக்குப் போக வேண்டிய அவசியம் அதற்குள் தீர்ந்துவிட்டது. பெஞ்சைக் கழுவ ஆயா வந்தார். அதற்கடுத்த வாரம் முன்பெஞ்சில் இரண்டு பேர் அடித்துக்கொண்டு, ஒருவன் உதட்டில் ரத்தம். யார் மன்னிப்புக் கேட்பது என்று சார் முழு வகுப்பையும் போட்டுச் சுற்றினார். ஜன்னலோரம் படம் வரைந்துகொண்டிருந்த மூன்றாவது ஒருவன் பெயர் வந்தது. அவன் எழுந்து நின்று இருவரிடமும் மன்னிப்புக் கேட்டான். சாருக்கு முழுத் திருப்தி. "பாத்தீங்களா? ரெண்டு பேர்ல யாருக்கும் மனசு நோகல."

வீட்டில் மட்டும் சக்கரம் அவ்வளவாக எடுபடவில்லை. அவர் மனைவி மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்கச் சீட்டைப் படித்து, ஆளைப் பார்த்து, வயதைக் கேட்டு மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வருபவர். பாத்திரம் யார் கழுவுவது என்று இரண்டே பேர் இருக்கும் வீட்டில் இவர் கைபேசியை எடுத்தபோது, அந்த அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் இப்படிக் குலுக்கி மருந்து குடுத்தா எத்தன பேரு வீடு திரும்புவாங்க?"

"மருந்து வேற விஷயம்மா."

"புள்ளைங்க மட்டும் சாதாரணமா? என்னப் பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னைக்கும் பையில சீட்டு ஏதும் வச்சிருந்தீங்களா?"

குலுக்கலார் எழுந்து போனார். பாத்திரத்தைக் கழுவினார். வீட்டில் சில முடிவுகளைச் சக்கரம் சுற்றாமலேயே எடுத்துவிடுகிறார்கள்.

இவர் பிறந்தபோதே இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்ணும் கையும் நன்றாகத்தான் வேலை செய்தன. முன்பெஞ்சில் மூன்று கெட்டிக்காரப் பிள்ளைகள். கேள்வி கேட்டால் அந்த மூவர், பதில் சொன்னால் அந்த மூவர், பாடம் சறுக்கிக்கொண்டு ஓடியது. ஒருநாள் தாழ்வாரத்தில் ஒரு தாய் வழிமறித்தார். "சார், எம் பையன் உங்க கண்ணுக்குத் தெரியறானா?" என்றார். "ஏம்மா அப்படிக் கேக்கறீங்க?" என்று இவர் சிரித்தார். "வருஷமே முடியப் போவுது. அவன ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, கேட்டிருக்கீங்களா?" அந்தப் பையனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார் சார், வரவில்லை. காது வரை சிவந்துவிட்டது.  அந்த அவமானம் உண்மையானது. அதைக் கேலி செய்ய மனம் வரவில்லை.

ஆனால் அந்த இடத்திலிருந்து இரண்டு வழி பிரிந்தது. எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். அல்லது இனிமேல் எந்தத் தாயும் தன்னை இப்படிக் கேட்க முடியாதபடி பார்த்துக்கொள்ளலாம். சார் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அவர் தானாக எடுத்த கடைசி முடிவு அதுதான். முதலில் தகரடப்பாவில் பெயர் எழுதிய குச்சிகள் வந்தன, பிறகு சக்கரம் வந்தது, அதன்பின் எந்தத் தாய் வந்து என்ன கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "நான் என்னம்மா செய்யறது, சக்கரம்ல முடிவு பண்ணுது!"

சரி, இப்போது கடைசிப் பெஞ்சுக்கு வாருங்கள். அங்கே ஒரு கை தெரிகிறதா? நேராக, உயரமாக, வலிக்கத் தொடங்கியதால் முழங்கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு நிற்கிற கை? அந்தக் கைக்குச் சொந்தக்காரியை வகுப்பில் கைதூக்கி என்பார்கள். அப்பாவுக்கு ஊர் மாற்றலானதால், பள்ளி திறந்து மூன்றாவது வாரத்தில் வந்து சேர்ந்தவள். வருகைப் பதிவேட்டில் நாற்பத்தொரு பெயரும் கறுப்பு மையில். அவள் பெயர் நாற்பத்திரண்டாவதாக நீல மையில். தினமும் காலையில் சார் அந்தப் பெயரைப் படிப்பார். "வந்திருக்கேன் சார்" என்பாள். அந்த வகுப்பில் அவள் குரல் கேட்பது அந்த ஒரு முறைதான்.

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், எனக்குத் தெரியும். பதிவேட்டில் ஏறிய பெயர் சக்கரத்தில் ஏறவில்லை. பள்ளி திறந்த முதல் நாள் மதியம் சார் உட்கார்ந்து தட்டி முடித்த பட்டியல் அது. அதன்பிறகு அதில் யாரும் கைவைக்கவில்லை. சுவரில் எறும்பெழுத்தில் சுற்றுவது நாற்பத்தொரு பெயரா நாற்பத்திரண்டா என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்? அவள் எண்ணிப் பார்த்தாள். வந்த இரண்டாம் நாளே.

அப்படியானால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்கிறீர்களா? சொல்லாமலா இருந்தாள்?

எண்ணிய அன்றே எழுந்து நின்று, "சார், என் பேரு..." என்று தொடங்கினாள். "வரும்மா, வரும்போது வரும். பொறுமை வேணும்" என்றார் சார். மறுநாள் கையைத் தூக்கினாள். "சக்கரம் கூப்பிட்டாத்தான் பேசணும். இது வகுப்பு விதி." அதற்கு மறுநாள் தாழ்வாரத்தில் பின்னாலேயே ஓடினாள். "தனியா வந்து பேசினா அது சலுகை ஆயிடும்மா. எதுவா இருந்தாலும் வகுப்புல, உன் பேரு வரும்போது, எல்லார் முன்னாடியும் சொல்லு." பக்கத்துப் பெஞ்சுத் தோழிக்குப் பெயர் வந்தபோது அவள் எழுந்து, "சார், இவ பேரு அதுல..." என்றாள். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்" என்றார் சார். கடைசியில் கைதூக்கி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசைமேல் வைத்தாள். சீட்டுக்கும் சாரிடம் முறை இருந்தது. பிள்ளைகள் எழுதித் தரும் எதையும் பிரித்துப் பார்க்காமல் அந்தப் பழைய தகரடப்பாவில் போட்டுவிடுவார். வெள்ளிக்கிழமைதோறும் குலுக்கி ஒன்றே ஒன்றை எடுத்து வகுப்பில் படிப்பார். எல்லாருக்கும் சம வாய்ப்பு. அவள் சீட்டும் டப்பாவுக்குள் போயிற்று.

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. கையை மட்டும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஏழு மாதம்.

கையைத் தூக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் விஷயம். அந்தப் பள்ளியின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தினமும் இரண்டாவது பாடவேளையில் நிரம்பி வழியும். தண்ணீர் ஏழாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே அருவி மாதிரி இறங்கிப் படிக்கட்டில் ஓடும். அதில் வழுக்கித் தலைமையாசிரியையே ஒருமுறை உட்கார்ந்திருக்கிறார். கைதூக்கி ஒரு காலி பாட்டிலையும், இரண்டு செம்புக் கம்பியையும், உடைந்த பொம்மைக்குள்ளிருந்து பேட்டரியோடு கழற்றிய ஒரு மணியையும் சேர்த்து, தொட்டி நிரம்பியதும் கணகணவென்று அடிக்கிற கருவி ஒன்று செய்தாள். மூன்று தடவை கெட்டது. நான்காவது தடவை அடித்தது. மோட்டார் போடும் காவலாளிக்குக் காட்டினாள். "இத மொதல்ல மேல மாட்டுங்கம்மா, தொட்டியப் பாக்க மாடி ஏறித் தேஞ்ச என் முட்டிக்குப் புண்ணியமாப் போவும்" என்றார் அவர். அந்த வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் அறிவியல் கண்காட்சி வந்தது. ஏழாம் வகுப்பிலிருந்து ஒரே ஒரு பிள்ளை போகலாம். அந்த ஒரு இடத்துக்காகத்தான் அவள் மணியைத் துணியில் சுற்றித் தினமும் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பேரு குடுங்க சார்" என்றார் தலைமையாசிரியை. "காவலாளி சொன்னாரே, அந்த மணி செஞ்ச பொண்ணு உங்க வகுப்புதானே?"

"யாருன்னு நான் எப்படி மேடம் சொல்றது? சக்கரம் சொல்லும்."

"கண்காட்சிக்குமா?"

"அதுக்குத்தான் மேடம் முக்கியமா. நாளைக்கு மாதிரி வகுப்பு இருக்கே, பயிற்சி அதிகாரி வராங்களே, அவங்க முன்னாடியே சுத்திடறேன். நம்ம பள்ளிக்கூடத்து நியாயம் அவங்களுக்கும் தெரியட்டும்."

மறுநாள் பயிற்சி அதிகாரி அம்மா வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத, எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிற அம்மா. தலைமையாசிரியை வாசலோரம் நாற்காலி போட்டுக்கொண்டார். அதிகாரிக்குக் கடைசிப் பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். சாருக்குச் சட்டை புதிது, மடிப்பு அதே மூன்று. கம்பி முதல் முயற்சியிலேயே பொருந்தியது. நல்ல சகுனம் என்று நினைத்தார். ஒரு கேள்வி, ஒரு சுற்று, ஊதல், காகிதப் பூ, "தெரியாது சார்", "அருமை". ஐந்து தடவை நடந்தது. ஆறாவது தடவை அதிகாரி அம்மா பேனாவை மூடிவிட்டுப் பக்கத்தில் பார்த்தார்.

"ரொம்ப நேரமா கை தூக்கிட்டு இருக்கியே, வலிக்கலயா?" என்று மெல்லக் கேட்டார்.

"பழகிடுச்சு மேடம்."

"உன் முறை எப்ப வரும்?"

"வராது மேடம். என் பேரு அதுல இல்ல."

அந்த அம்மா எழுந்து நின்றார். "சார், ஒரு நிமிஷம். இந்தப் பொண்ணு பேரு சக்கரத்துல எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்களேன்."

"தாராளமா மேடம்!" சார் சிரித்துக்கொண்டே பெயர்ப் பட்டியலைத் திறந்து பெரிதாக்கினார். மேலிருந்து படித்தார். வகுப்பு விரல் விட்டு எண்ணியது. முப்பது வரை சார் முகத்தில் சிரிப்பு இருந்தது. முப்பத்தெட்டில் குறைந்தது. நாற்பத்தொன்றில் பட்டியல் முடிந்தது. சார் கீழே தள்ளிப் பார்த்தார்; வெள்ளையாக இருந்தது. மறுபடி மேலே போய்த் தேடினார்.  

"ஏம்மா," என்றார், குரல் உள்ளே போய், "இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"வந்த மூணாம் நாள்லேர்ந்து அதத்தான் சார் கை தூக்கிட்டு இருக்கேன்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பூமிக்குள் போயிருப்பார்கள். குலுக்கலார் லேசுப்பட்டவரா? கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார், கடகடவென்று நாற்பத்திரண்டாவது பெயரைத் தட்டினார், நிமிர்ந்தபோது முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. "சரி செஞ்சாச்சு மேடம்! இப்ப முழு நியாயம். இப்ப கண்காட்சிக்கு யாருன்னு சுத்திப் பாத்துடலாம்."

"சார், வேண்டாம்" என்றார் தலைமையாசிரியை.

பொத்தான் அழுத்தப்பட்டுவிட்டது. டிக் டிக் டிக். கைதூக்கி முதல் முறையாகக் கையைக் கீழே இறக்கி, இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டாள். சக்கரம் அவள் பெயரை மெதுவாகக் கடந்தது, இன்னும் நாலு துண்டு போயிற்று, நின்றது. ஊதல். காகிதப் பூ. மூன்றாம் பெஞ்சில் அரைத்தூக்கம் இரண்டு கண்ணையும் திறந்தான்.

"நானா? எதுக்கு சார்?"

"கண்காட்சிக்குடா!"

"நான் ஒண்ணுமே செய்யலயே சார். அங்க போய் எத வச்சுட்டு நிக்கறது?"

ஜன்னலுக்கு வெளியே தொட்டி நிரம்பி வழியத் தொடங்கியது. இரண்டாவது பாடவேளை அல்லவா?  தலைமையாசிரியை எழுந்து வந்து மடிக்கணினியை மூடினார். ஓங்கி மூடவில்லை, தூங்குகிற குழந்தையின் அறைக் கதவைச் சாத்துவது போல மூடினார்.

"உங்க வாயால ஒரு பேரு சொல்லுங்க சார். எனக்கு அது போதும்."

 வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை குலுக்கலார். ஒரு பெயரைச் சொன்னால் நாற்பத்தொரு பேரைச் சொல்லவில்லை என்றாகும். நாற்பத்தொரு வீட்டிலிருந்து நாற்பத்தொரு தாய்மார் தாழ்வாரத்தில் வந்து நிற்பார்கள். அந்தப் பழைய தாய் முன்னால் நின்றார்: எம் பையன் உங்க கண்ணுக்குத் தெரியறானா? கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கையை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பது தெரிந்ததும் அவருக்கு மறுபடி காது சிவந்தது. எல்லாப் பாரபட்சத்தையும் ஒழித்துவிட்டுப் பார்த்தால், அதே தாழ்வாரத்தில், அதே கேள்விக்கு முன்னால் நிற்கிறார்!

வலது கை ஆள்காட்டி விரல் மேசையை விட்டு மெல்ல எழுந்தது. அந்தப் பெயரைச் சொன்னார்.

"வந்திருக்கேன் சார்" என்றாள் அவள்.

வகுப்பு ஒரு கணம் விழித்தது. அப்புறம் கொல்லென்று சிரித்தது. அரைத்தூக்கம்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சார் மட்டும் சிரிக்கவில்லை. நீட்டிய விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி கண்காட்சிக்குப் போயிற்று, நன்றாக அடித்தது, இப்போது பள்ளித் தொட்டியில் மாட்டியிருக்கிறார்கள், காவலாளியின் முட்டி நலம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, சார் திருந்தினார் என்று எழுதி முடித்துவிட எனக்கும் ஆசைதான். அடுத்த திங்கட்கிழமை அரைத்தூக்கத்தின் அப்பா வந்தார். "சக்கரத்துல எங்க பையன் பேருதானே சார் வந்துச்சு? அப்புறம் எப்படி இன்னொரு புள்ள போச்சு?" என்று தாழ்வாரத்தில் கேட்டார். "உங்க பையன் ஒண்ணும் செய்யலீங்க, அவ செஞ்சா. அதனால நான்தான் அனுப்பினேன்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்தது. சாரின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. இந்த அப்பாவுக்கு யார் பதில் சொல்வது, தானா தலைமையாசிரியையா என்று இரண்டு பெயரைத் தட்டினார். அது சுற்றி நிற்பதற்குள் அப்பா போய்விட்டார்.

அன்றிலிருந்து மறுபடி சக்கரம்தான். ஆனால் நாற்பத்திரண்டு பெயர். அந்த முன்னேற்றத்தை மறுப்பதற்கில்லை.

ஆண்டு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கப்படி தகரடப்பாவைக் குலுக்கி ஒரு சீட்டை எடுத்தார் சார். மடிப்பு பழசாகி ஓரம் மஞ்சளாகியிருந்தது. உரக்கப் படித்தார்: "சார், என் பேரு சக்கரத்துல இல்ல."

 சார் சீட்டைத் திருப்பிப் பார்த்தார், கடைசிப் பெஞ்சைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்தார்.

"பாத்தீங்களா புள்ளைங்களா? குலுக்கல் யாரையும் மறக்காது. கொஞ்சம் பொறுமைதான் வேணும்!"

சிரித்தீர்கள் அல்லவா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் யாரோ ஒருவர் உங்களிடம் "ஒண்ணு சொல்லணும்" என்று வந்து நின்றாரே. "எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசுவோம், அப்ப சொல்லு" என்று நீங்களும் நியாயமாகத்தானே அனுப்பி வைத்தீர்கள்? எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்த அன்று அவரைக் கூப்பிட்டீர்களா? சேச்சே, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, இது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எழுதியது என்று தோன்றுகிறதா? சந்தேகமே வேண்டாம். கைபேசியை எடுங்கள், பெயர்களைத் தட்டுங்கள், சுற்றிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்தான் வரும். உங்கள் பெயரைச் சக்கரத்தில் சேர்க்க நீங்கள் மறந்திருப்பீர்கள்.